துணைக்கால் விட்டுப்போன தாலி

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் வீட்டுக்காரர்.

இதைப் படித்தால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவருக்குக் காது கேட்காது. இளவயதிலிருந்தே செம்பவாங் கப்பல் பட்டறையில் தகட்டுத் துருவைத் தட்டி எடுக்கிற வேலை. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். கல்யாணத்துக்கு முன்பே பாதிக் காது போய்விட்டது, மீதியை நீதான் கத்திக் கத்திக் கெடுத்தாய் என்பார். "பாக்கியம் சாப்பிடக் கூப்பிட்டா பக்கத்து புளோக்குல இருக்கிறவனும் கை கழுவிட்டு வந்து உக்காந்துடுவான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பாக்கியம் என்பது நான்தான்.

அப்படிப்பட்ட குரல் எனக்கு நின்றுபோனது. அது எப்படிப் போனது, எப்படித் திரும்பியது என்பதைத்தான் எழுதுகிறேன். உங்களுக்கும் பேச்சு நின்றிருக்கலாம். பேச்சு நின்ற ஒருத்தரை வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் முழித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு ஆகட்டும் என்றுதான்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம். அதற்குள் தம்பிகள் பிறந்துவிட்டார்கள், இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பெரிது பெரிதாக எழுதுவேன். பேத்தி நிலா இதைக் கணினியில் தட்டும்போது பிழையெல்லாம் திருத்துவாள். ஒரே ஒரு பிழையை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குக் குணமானது அந்தப் பிழையால்.

அவர் போன வருஷம் இறந்தார். பக்கவாதம் வந்து, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கேயே போய்விட்டார். நான் அழவில்லை. வந்தவர்களைக் கவனிக்கிற வேலை இருந்தது. யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை, யாருக்கு நாற்காலி இல்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசினேனா, பேசினால் எப்படிப் பேசினேன் என்று ஞாபகமில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரியம் முடிந்து முதன்முதலாக வெளியே இறங்கியது தேக்கா சந்தைக்கு. நல்ல முருங்கைக்காய் கிடந்தது. விலை கேட்க வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடி காற்று.

கடைக்காரன் என்னை முப்பது வருஷமாக அறிந்தவன். காதை என் வாய்ப்பக்கம் கொண்டுவந்தான். "என்னக்கா, ரகசியமா? விலையை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்லா" என்றான். நான் சிரித்தேன். சிரிப்பு வெளியே கேட்டது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. உங்களுக்கு இப்படி வந்தால் நீங்கள் கவனியுங்கள்.

நான் ஈசூனில் என் மகள் மல்லிகா வீட்டில் இருக்கிறேன். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், நிலா கல்லூரியில் படிக்கிறாள். முதல் வாரம் வீட்டில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. "வீடு இவ்வளவு பெருசுன்னு இப்பதாம்மா தெரியுது" என்றாள் மல்லிகா. மிளகுப் பால் கொடுத்தாள். கற்பூரவல்லி கொடுத்தாள். எதிர்வீட்டுச் சீனர் ஆ செங், நாலு வார்த்தை மலாயில் பேசுகிற நல்ல மனிதர், ஒரு கறுப்புப் பாகு கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் குடித்தேன். வயிறு நன்றாகப் போனது. குரல் வரவில்லை.

இரண்டாவது வாரத்தில் வேடிக்கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டம் தெரிந்தது. பேச்சில்லாதவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கெட்ட எண்ணம் இல்லை. நான் பதில் சொல்ல நேரமாகும், அதற்குள் அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். முற்றின வெண்டைக்காய் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் புளி ஏறியது. பெர்த்தில் இருக்கும் மூத்தவன் வாராவாரம் ஃபோனில் கூப்பிடுவான். "அம்மா இருக்காங்களா?" என்று மல்லிகாவிடம் கேட்பான். நான் ஃபோனுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

நான் அழகுக்குப் பேர் வாங்கினவள் இல்லை, படிப்புக்கும் இல்லை. என் குரல்தான் என் கௌரவம். அது இல்லாமல் வீட்டில் ஒரு பாத்திரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மல்லிகா தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனாள். சீனப் பெண், வயது முப்பத்தைந்து இருக்கும். மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை உள்ளே விட்டார். வலிக்காது, கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். திரையில் என் தொண்டையை எனக்கே காட்டினார். குரல் நாண்கள் (குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகள், இவை நெருங்கி அதிர்ந்தால்தான் சத்தம் பிறக்கும்) வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. புண் இல்லை, கட்டி இல்லை. புற்றுநோய் இல்லை என்று மல்லிகா என் காதில் சொன்னதும்தான் அவள் முகத்திலேயே ரத்தம் திரும்பியது.

டாக்டர் என்னை இருமச் சொன்னார். இருமினேன். அறையே அதிர்ந்தது.

அவர் சிரித்துவிட்டு மல்லிகாவிடம் ஆங்கிலத்தில் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். "அம்மா, இருமும்போது அந்த ரெண்டும் ஒட்டுது. சத்தம் வருது. பேசும்போதுதான் ஒட்ட மாட்டேங்குது. உறுப்புல ஒண்ணும் ரிப்பேர் இல்லையாம்."

இதற்குச் செயல்சார் குரலிழப்பு (உறுப்பு நன்றாக இருந்தும் குரல் நின்றுபோவது) என்று பெயர். நான் வேண்டுமென்று நடிப்பதாக யாரும் நினைக்கக்கூடாது என்று டாக்டரே அழுத்திச் சொன்னார். நடிப்பில்லை, நிஜமாகவே வராது. பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தரிடமும், மனத்தைப் பார்க்கிற ஒருத்தரிடமும் போகச் சொன்னார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். இதை நாள்கணக்கில் விட்டால் தொண்டைக்கு இதுவே பழக்கமாகிவிடும், பிறகு திரும்புவது கடினம்.

மனத்தைப் பார்க்கிறவர் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரல் இல்லாத கோபம் பாதிக் கோபம்தான். நிலா சின்ன வயதில் விளையாடின மேஜிக் பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தாள். எழுதிவிட்டு அடியில் இருக்கும் பிடியை இழுத்தால் அழிந்துவிடும். அதில் எழுதினேன்: எனக்குப் பைத்தியமா.

"ஐயோ பாட்டி, அப்படி இல்ல" என்றாள் நிலா. "இது டெப்த் சைக்காலஜி. நமக்கே தெரியாம நமக்குள்ள ஒரு மைண்ட் இருக்கும்ல, அதைப் பாக்கிறது. தமிழ்ல என்னம்மா அது?"

"ஆழ்மனம்" என்றாள் மல்லிகா.

"ஹா, அதான். சோஃபால படுக்கச் சொல்வாங்க பாட்டி. நீங்க பாட்டுக்குப் பேசலாம்."

நான் எழுதினேன்: பேச்சு வராமதான போறேன்.

ஆனாலும் போனேன். அந்த டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் காரணம். இனி எப்போதும் வராது என்றால் நான் என்ன செய்வேன்?

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில், நகைக்கடைக்கு மேல்மாடியில் அந்த மனத்தைப் பார்க்கிறவரின் அறை. பெயர் சபீனா. தமிழ் முஸ்லிம் குடும்பம், அவருடைய வாப்பா ஒரு காலத்தில் இதே தெருவில் துணிக்கடை வைத்திருந்தாராம். அதனால் தமிழும் தெரியும், மலாயும் தெரியும், ஆங்கிலம் கேட்கவே வேண்டாம். மாடிப்படி செங்குத்தாக இருந்தது. ஏறி முடித்ததும் மூச்சு வாங்க, முதல் வேலையாகச் சோஃபாவைப் பார்த்தேன். தலையணை இருந்தது. நான் படுக்கமாட்டேன் என்று கையைக் காட்டினேன்.

"உங்களுக்கு எது வசதியோ அப்படி உக்காருங்கம்மா" என்றார். நான் இருந்ததிலேயே உயரமான நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என்னால் அப்போது கிசுகிசுவென்று காற்றில் பேச முடியும். பக்கத்தில் இருந்தால் கேட்கும். சபீனா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். முதல் நாள் ஒரு விளையாட்டு மாதிரி வைத்தார். அவர் ஒரு சொல் சொல்வார், எனக்கு உடனே என்ன தோன்றுகிறதோ சொல்லவேண்டும். யோசிக்கக்கூடாது. சொல்லோட்டம் (மனத்தில் வருவதைத் தடுக்காமல் அப்படியே சொல்வது) என்று இதற்குப் பெயர்.

"வீடு" என்றார்.

"வெங்காயம்" என்றேன்.

"கடல்."

"வெங்காயம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, வீட்டுல வெங்காயம் இல்லையா?"

இல்லை. காலையிலிருந்து அந்த நினைப்புதான். இருவரும் சிரித்தோம். அன்றைக்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை. கீழே இறங்கி வெங்காயம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். பேச்சு நின்றதிலிருந்து அவ்வளவு நன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆழ்மனம் என்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. விருந்தாளி வருகிறார் என்றால் கூடத்தில் கிடப்பதையெல்லாம் வாரி அதில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். வந்தவர் "வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு" என்பார். பொருள் எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. கதவு சரியாகச் சாத்தவில்லையென்றால் துடைப்பத்தின் காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கனவு அந்தக் காம்பு. என் தொண்டையும் அந்தக் காம்பு. சபீனாவிடம் இதைச் சொன்னேன். "நான் இத்தனை வருஷம் படிச்சதை ஒரு துடைப்பத்துல முடிச்சிட்டீங்க" என்றார்.

எனக்கு அந்தச் சமயத்தில் ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்தால் வரும். திரும்பத் திரும்ப அதே கனவு. சபீனா ஒவ்வொரு வாரமும் கேட்பார், "கனவு ஏதாவது வந்துச்சாம்மா?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். அதை மட்டும் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன்.

காரணம் இருந்தது. அந்தக் கனவில் என் கையில் சரடு மாதிரி ஏதோ இருக்கும், பின்னாலிருந்து பெண்கள் "தாலி, தாலி" என்று கத்துவார்கள். என் தாலியைக் கழற்றி அவர் படத்துக்குப் பின்னால் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். என்னுடையது போய்விட்டது, போகட்டும். ஆனால் எனக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேர் கழுத்திலும் தாலி இருக்கிறது. இந்தக் கனவை வாய்விட்டுச் சொன்னால் அது பலித்துவிடுமோ என்று பயம். யாரிடம் போய் இதைச் சொல்ல? மல்லிகாவிடமா?

பேச்சுப் பயிற்சியில் முன்னேற்றமில்லை. ம்ம் என்று முனகச் சொன்னால் சத்தம் வரும். அந்த ம்-மோடு ஒரு சொல்லைச் சேர்த்தால் காற்றாகிவிடும். மல்லிகா ஒருநாள் எனக்குத் தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன். சொல்லிவிடுவது. வாயால் சொல்லமாட்டேன், எழுதிக் காட்டுகிறேன். எழுதினால் பலிக்காது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை மேஜிக் பலகையைக் கையோடு கொண்டுபோனேன். கனவு வந்ததா என்று சபீனா கேட்டதும், பின்னால் பெண்கள் கத்துகிறார்கள் என்று எழுதி, கத்துகிற சொல்லை அதன் கீழே பெரிதாக எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் வாசித்தார். "தலி." நிமிர்ந்தார். "கயிறாம்மா?"

கயிறு எங்கே வந்தது? நான் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"ஓ, தாலியா. துணைக்கால் விட்டுப்போச்சு" என்றார். "நீங்க எழுதியிருக்கிறதைப் பாத்து மலாய்ச் சொல்லுன்னு நினைச்சிட்டேன். மலாய்ல தலின்னா கயிறுதானே, வாயால சொன்னா தாலி மாதிரிதான் கேக்கும்."

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஆமாம், தகரத்துக்குப் பக்கத்தில் கால் இல்லை. தலி என்றுதான் இருந்தது. அழித்து எழுதலாம் என்று பிடியை இழுக்கப் போனேன். சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதீங்கம்மா. அந்தக் கனவுல பின்னாடி கத்தினவங்க யாரு?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"எந்த பாஷைல கத்தினாங்க?"

இதை நான் ஒருநாளும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணை மூடினேன். நான் பிறந்து வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். தமிழர், மலாய்க்காரர், மலையாளிகள் எல்லாரும் கலந்து இருந்தோம். குழாயடியில் மலாய்தான் பேச்சு. எனக்குத் தமிழுக்குச் சமமாக அதுவும் வரும். மூடின கண்ணுக்குள் பெண்கள் தெரிந்தார்கள். ரொக்கியா. அவள் அக்கா. எங்கள் லயன் வீட்டு வரிசையில் இருந்த அஞ்சலை. சேலையையும் கைலியையும் இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல், வரிசையாக. அவர்கள் தாலி என்று மட்டும் கத்தவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது.

தாரிக் தாலி. தே தாரிக் என்று இழுத்து ஆற்றின டீ குடிக்கிறோமே, அந்தத் தாரிக்தான். இழு. தாரிக் தாலி என்றால் கயிறு இழுக்கிற போட்டி.

எனக்குப் பத்தொன்பது வயது. தொழிலாளர் விளையாட்டு விழா. பெண்களுக்கும் கயிறிழுப்பு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒல்லி. எதிர்ப்பக்கம் எல்லாரும் நல்ல வாட்டசாட்டம். ஒன்றாக இழுத்தால்தான் தாக்குப்பிடிக்கலாம். ஒன்றாக இழுக்க ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் நான். முதல் ஆளாக நின்று, குதிகாலை மண்ணில் ஊன்றி, "தாரிக்" என்று நான் கத்துவேன். எல்லாரும் ஒரு பிடி இழுப்பார்கள். மறுபடி "தாரிக்." ஜெயித்துவிட்டோம். ஜெயித்த பிறகும் இழுத்துக்கொண்டே போனோம், ஏனென்றால் விசில் வரவில்லை.

விசில் ஊதவேண்டிய பையன் கயிற்று நடுவில் கட்டின கைக்குட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த மாதம் அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். என் அப்பா நேர்மையாக, "அவ ரொம்பக் கத்துவா" என்றார். அதற்கு அவர் சொன்ன பதிலை எங்கள் பிள்ளைகள் கல்யாணத்திலெல்லாம் சொல்லி என்னைத் தலைகுனிய வைப்பார். "பட்டறைக்குப் போனதிலேருந்து எனக்குப் பொம்பளைங்க பேசுறது எதுவும் சரியா கேக்கிறதில்ல மாமா. அன்னைக்கு மைதானத்துல எனக்குக் கேட்ட ஒரே குரல் உங்க பொண்ணுதுதான்."

இதையெல்லாம் காற்றிலும் பலகையிலுமாகச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. சபீனா அவசரப்படுத்தவில்லை. கீழே நகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகிற சத்தம் கேட்டது.

"அப்ப உங்களுக்குக் கயிறும் தாலியும் ஒண்ணுதான்" என்றார் சபீனா.

எனக்கு மனத்திலிருந்து ஒரு பெரிய மூட்டை இறங்கியது. என் பெண்களுக்கு ஒன்றுமில்லை. அது கெட்ட கனவே இல்லை. கனவில் வந்தது எங்கள் விளையாட்டு விழா.

"கனவுல என்ன ஆகுதும்மா? கயிறு கையில இருக்கு. அப்புறம்?"

நான் வாயைத் திறப்பேன், சத்தம் வராது, கயிறு தொளதொளவென்று தளர்ந்துவிடும். சொன்னேன்.

"கயிறிழுப்புல கயிறு எப்ப அப்படித் தளரும்?"

அது விளையாடினவர்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் விட்டுவிட்டால்.

அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம். அடுத்த வாரம் சபீனா, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்களைப் பற்றிக் கேட்டார். நான் அதிலெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். போன முதல் நாள் நான் அவரை என் வழக்கப்படி கூப்பிட்டேன், அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. தாதி ஓடிவந்து, "ஆன்ட்டி, மெதுவா, அங்கிள் தூங்குறார்லா" என்றாள். நல்ல பெண், பிலிப்பீன்ஸ்காரி, என்னிடம் பேசவே நாலு தமிழ்ச் சொல் கற்றுவைத்திருந்தாள். அன்றிலிருந்து மெதுவாகப் பேசினேன். காது கேட்காத மனுஷனிடம் ரகசியம் மாதிரிப் பேசினேன். அவருக்கு அது போதும், என் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார். கடைசி நாளும் அவர் தூங்குகிற மாதிரிதான் இருந்தார். தாதி வந்து என் தோளைத் தொட்டபோதுகூட நான் உதட்டில் விரலை வைத்து அவளிடம் ஷ் என்றேன்.

சொல்லும்போது இதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

சபீனா சிரிக்கவில்லை. என்னைப் போலவே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அம்மா, இப்பவும் மெதுவாத்தானே பேசுறீங்க. இப்ப யாரு தூங்குறாங்க?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. நான் மெதுவாகப் பேசுகிறவரைக்கும் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு, அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லையென்றால், அப்புறம் என்ன இருக்கிறது? ஸ்டோர் ரூமில் நான் வாரிப் போட்டு வைத்திருந்தது இதைத்தான். கண்ணில் தண்ணீர் இறங்கியது. அதற்கும் சத்தமில்லை.

மாடிப்படி இறங்கினேன். பக்கத்துக் கடையில் ஒரு நெய்த்தோசையும் காப்பியும் சாப்பிட்டேன். அழுதால் எனக்குப் பசிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குரல் வந்தது சபீனாவின் அறையில் இல்லை. அதற்குச் சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்த போர்வைகளை உள்ளே எடுத்தேன். பெரிய போர்வையை ஒருத்தர் மடிக்க முடியாது. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் பிடித்து, சுருக்கம் போக இழுத்துத்தான் மடிக்கவேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் அவர் பிடித்தார். அவர் போன பிறகு நான் கட்டிலில் விரித்துப் போட்டு எப்படியோ தனியாகச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நிலா எதிரில் வந்தாள். அவளிடம் ஒரு முனையைக் கொடுத்தேன். ஒரு கையில் போர்வை, ஒரு கையில் ஃபோன். போர்வை நடுவில் தொங்கியது.

"வெயிட் பாட்டி, ஒரே ஒரு மெசேஜ்."

நான் கொஞ்சம் இழுத்தேன். அவள் தடுமாறி, சிரித்து, ஃபோனை சோஃபாவில் எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி இழுத்தாள். "ஃபைட்டா பாட்டி? வாங்க பாப்போம்." எடை போட்டுப் பின்னால் சாய்ந்தாள். துணி விறைத்தது. என் கைக்குள் அது கயிறாகிவிட்டது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. என் குதிகால் தானாகத் தரையில் ஊன்றியது.

"தாரிக்!"

நிலா பயந்து போர்வையை விட்டுவிட்டாள். நான் பின்னால் போய் சோஃபாவில் விழுந்தேன், அவள் ஃபோன் மேலேயே. சமையலறையில் கரண்டி விழுந்தது. எதிர்வீட்டுக் கம்பிக்கதவு வழியாக ஆ செங் குரல் கொடுத்தார். "சுவாரா சூடா பாலேக் ஆ?" குரல் திரும்பிருச்சா என்று கேட்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்போது. நான் என் வீட்டுக்காரர் படுத்திருந்த அறைக்கதவு வழியாக உள்ளே பார்த்தேன். அவ்வளவு பெரிய சத்தம். கட்டில் அப்படியே இருந்தது. யாரும் எழுந்து "என்ன பாக்கியம்?" என்று வெளியே வரவில்லை. மற்றவர்களுக்கு அவர் போன வருஷம் இறந்தார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அப்புறம் அழுதேன். சத்தம் போட்டு, தொண்டை கிழிய, முழுசாக அழுதேன். மல்லிகா ஈரக்கையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். அழுகைக்கு நடுவில், "சத்தமா அழுறாங்கடி, சத்தமா அழுறாங்க" என்று நிலாவிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆ செங் கதவுக்கு வெளியே மறுபடி ஒரு புட்டி கறுப்புப் பாகோடு நின்றார். தன் மருந்துதான் வேலை செய்தது என்று இன்றைக்கும் நம்புகிறார். நான் மறுப்பதில்லை.

மறுநாள் குரல் திரும்பவும் போனது. இதை நான் மறைக்காமல் எழுதவேண்டும். அடுத்த நாள் வந்தது, அப்புறம் பாதி போனது. கிணற்றில் வாளி மாதிரி ஏறி இறங்கித்தான் நிலைத்தது. பேச்சுப் பயிற்சிக்காரர் சொன்ன முனகல் பயிற்சியை விடாமல் செய்தேன். சபீனாவிடமும் இன்னும் சில மாதம் போனேன். இரண்டும் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் தொண்டை டாக்டரிடம் போய்க் கேமரா வைத்துப் பாருங்கள். மனசுதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள், உள்ளே வேறு ஏதாவது இருக்கலாம். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, மனத்தைப் பார்க்கிறவரிடம் போக வெட்கப்படாதீர்கள். பைத்தியத்துக்குத்தான் அங்கே போவது என்று நினைத்தால், நான் நினைத்த மாதிரியே தப்பாக நினைக்கிறீர்கள். உங்கள் பாஷை தெரிந்தவராகப் பாருங்கள். நீங்கள் பேசுகிற எல்லாப் பாஷையும் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது. நம் கனவுகள் ஒரே பாஷையில் வருவதில்லை. சொல்லக் கூச்சமான கனவைத்தான் முதலில் சொல்லவேண்டும், நான் கடைசியாகச் சொன்னேன். வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பேச்சில்லாதவரிடமும் கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். முற்றின வெண்டைக்காய் வாங்காதீர்கள்.

துணை போன இடத்தில் எனக்குத் துணைக்காலும் போயிருந்தது என்று சபீனா ஒருநாள் சொன்னார். பள்ளிக்கூடத் தமிழ் படித்தவர், அவருக்கு அப்படித் தோன்றுகிறது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. எனக்கு எழுத்து அரைகுறை, அவ்வளவுதான். ஆனால் தாம்பாளம் என்று எழுதினபோது கால் போட்டிருக்கிறேன், தாத்தா என்று எழுதினபோது இரண்டு காலும் போட்டிருக்கிறேன். இதை மட்டும் ஏன் விட்டேன்? கை வேண்டுமென்றே விட்டது என்றால், அந்தக் கைக்கு நான் கடன்பட்டவள்.

குரல் தொண்டையில் இருக்கிறது என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். இப்போது அப்படி இல்லை. சத்தமாகக் கூப்பிடும்போது எனக்குக் குதிகால் சுடுகிறது, அங்கிருந்து கிளம்பி மேலே வருகிறது. காலமும் முன்பு போல் இல்லை. மைதானத்துப் பெண்ணை நான் ஐம்பத்தைந்து வருஷம் பின்னால் விட்டுவிட்டு வந்ததாக நினைத்தேன். அவள் எங்கேயும் போகவில்லை, சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே நின்றுகொண்டிருக்கிறாள். மதியத்தில் கண்ணசந்தால் அந்தக் கனவு இன்னும் எப்போதாவது வருகிறது. கயிறு தளரும்போது இப்போதெல்லாம் நான் விழிப்பதில்லை. திரும்பிப் பார்க்கிறேன். ரொக்கியாவும் அஞ்சலையும் மண்ணில் விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெயித்தவர்களும் அப்படித்தான் விழுவார்கள், மறந்தே போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெர்த்திலிருந்து மூத்தவன் கூப்பிட்டால் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறான். பிடித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவுதான். நிலா தட்டி முடித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"பாட்டி, அந்த தலி இருக்குல்ல, அதுக்குக் கம்ப்யூட்டரே கால் போட்டுடுச்சு."

"எடுடி அதை."

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்."

"சரி, முதல்லேருந்து வாசி, கேப்போம்."

வாசிக்கிறாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி வாய்க்குள்ளேயே வாசிக்கிறாள்.

"சத்தமா வாசி நிலா. இங்க யாரும் தூங்கலை."